ஒரு கை குறைந்த கவுன்

விழுப்புரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு வந்திருந்த பெண் நான் ஒருத்திதான். திரையில் ஒரு சீமாட்டி, தன் கவுனின் இடது கையைத் தோளோடு சேர்த்துக் கட்டியிருந்த நாடாவை இழுத்து அவிழ்த்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அடுத்தது எதை அவுக்கறா பாரு" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எழுந்து திரும்பிக் கத்தலாமா என்றுகூட நினைத்தேன். கத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தேன்: இந்தப் படத்தைப் பற்றி நான் எழுதவேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை. பட்டணத்துப் பத்திரிகைகள் உலகத்துப் படங்களை எல்லாம் அலசுகின்றன. நானும் ஒன்று விடாமல் படிக்கிறேன். இந்தப் படத்தின் பெயரை ஒரு மூலையில்கூடப் பார்த்ததில்லை. பெயரும் ஒன்றாக இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு பெயரில் வந்தது. விழுப்புரத்தில் இப்போது வேறொரு பெயரில், வாளேந்திய ஆள் ஒருவனை போஸ்டரில் போட்டு வந்திருக்கிறது. படத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. அதனால்தான் பின்வரிசைக்காரனுக்கு அத்தனை நக்கல்.

இத்தாலியப் படம். ஆங்கிலத்தில் பேச வைத்திருக்கிறார்கள். நடிகர்கள், படம் பிடித்தவர், பாட்டு போட்டவர் என்று ஆரம்பத்தில் வரும் பெயர்கள் எல்லாம் உயிரெழுத்தில் முடிகின்றன. அதை வைத்துத்தான் நான் முதலில் கண்டுபிடித்தேன். கதை நடப்பது முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு ஊரில். கொள்ளை நோய் வருகிறது. பணக்காரப் பிரபு ஊரைவிட்டு ஓடுகிறான். மனைவியும் கைக்குழந்தையும் பிறகு வரட்டும் என்று விட்டுப் போகிறான். அன்று சாயங்காலமே வீட்டு வேலைக்காரி ஒருத்திக்கு நோய் காண்கிறது. ஊர்க் காவலர்கள் வந்து வெளியிலிருந்து கதவுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். அவ்வளவுதான் கதை. வாள் இல்லை, குதிரை இல்லை, காதல்கூட இல்லை.

ஆனால் அந்த கவுன் இருக்கிறதே! முதல் காட்சியில் இரண்டு பெண்கள் அவளுக்கு அதை உடுத்திவிடுகிறார்கள். பாவாடைமேல் பாவாடை, எலும்புச் சட்டம் வைத்துத் தைத்த ரவிக்கை, முத்துக் கோத்த கழுத்துப் பட்டை. கைகள் இரண்டும் தனித்தனி உருப்படி. தோளில் நாடா போட்டுக் கட்டுகிறார்கள். கைகள் அத்தனை அகலம். பிரபு பார்த்துச் சிரிக்கிறான்: "இந்தக் கைக்குள் ஒரு குழந்தையே படுக்கலாம்." விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அதன் பிறகு படம் முழுக்க அந்த உடையில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. முத்துப் பட்டை காவலனுக்கு லஞ்சமாகப் போகிறது. ஒரு பாவாடை வேலைக்காரிக்குப் போர்வை ஆகிறது. இன்னொன்று பட்டை பட்டையாகக் கிழிந்து கட்டுத்துணி ஆகிறது. கடைசியில் இடது கை. அதன் ஒரு முனையை முடிச்சிட்டுப் பை மாதிரி ஆக்கி, குழந்தையை உள்ளே வைத்து, மாடி ஜன்னல் வழியாகத் தெருவில் நிற்கும் ஒரு பால்காரிக்கு இறக்குகிறாள். நோய் என்ன செய்கிறது என்பதைப் படம் ஒரு முகத்திலும் காட்டுவதில்லை. அந்த உடையில் காட்டுகிறது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு படத்தை யார் எடுத்துவிட முடியும்?

இதை எல்லாம் நான் விழுப்புரத்தில்தான் முழுசாகக் கவனித்தேன். திண்டிவனத்தில் பார்த்தபோது எனக்குப் பக்கத்தில் அண்ணி இருந்தாள்.

அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கைக்குக் கிடைத்த காகிதத்தை எல்லாம் படித்துக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா, அண்ணி, அண்ணியின் கைக்குழந்தை, நான். அண்ணன் விழுப்புரம் லோகோ ஷெட்டில் வேலை. ஓய்வு கிடைக்கும்போது வருவான். அண்ணிக்கு அனந்தபுரம் பக்கம். என்னைவிட இரண்டு, மூன்று வயதுதான் பெரியவள். நான் படிப்பதைப் பார்த்து என்னை 'டீச்சரம்மா' என்றே கூப்பிடுவாள். அம்மை குத்திய தழும்பு என் கையில் இருப்பதைத் தடவிப் பார்த்து ஒருநாள் சிரித்தாள்.

"உங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துல புடிச்சு வச்சு குத்திட்டாங்க. எங்க ஊருக்கு அம்மை குத்தறவரு வந்தா, நாங்க மல்லாட்டைக் கொல்லையில பூந்துக்குவோம். அவரு சைக்கிளைத் தள்ளிக்கினு 'எம்மா, எம்மா'ன்னு கத்திக்கினே போவாரு பாவம்."

"அப்போ உங்களுக்குக் குத்தவே இல்லியா?"

"எனக்கு ஓட்டம் ஜாஸ்தி, டீச்சரம்மா."

பங்குனி கடைசியில் அந்தப் படம் எங்கள் ஊர் டூரிங் கொட்டாய்க்கு வந்தது. முதல் நாள் ஆண்கள் பக்கம் நிறைந்திருந்ததாகச் சொன்னார்கள். இடைவேளைக்குள் மண்ணை வாரித் திரைமேல் எறிந்தார்களாம். "சண்டையைப் போடுடா!" என்று ஒரே கூச்சல். இரண்டாம் நாள் கொட்டாய் முதலாளி ஒரு வேலை செய்தார். பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு ரீல் வாள்சண்டையை எடுத்து, இந்தப் படத்தின் கடைசி ரீலுக்குப் பதிலாக ஓட்டச் சொல்லிவிட்டார். கொட்டாய்களில் இது நடக்கிற காரியம்தான். படம் தூங்கினால் ஒரு பாட்டோ ஒரு சண்டையோ எங்கிருந்தாவது வந்து சேரும். அப்படியும் ஆண்கள் வரவில்லை. பெண்கள் வந்தார்கள்.

ஏன் என்று நான் போன அன்றுதான் புரிந்தது. நானும் அம்மாவும் அண்ணியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனோம். குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில், கொள்ளை நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர் வந்தார். அந்தக் காலத்து வைத்தியர்கள் நோய்க்காற்று படாமல் இருக்க நீளமான அலகு வைத்த முகமூடி போட்டுக்கொள்வார்களாம். அவர் அப்படியே நுழைந்தார்.

"கருடாழ்வாரு!" என்றாள் அம்மா. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் வரிசை முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அம்மா, அவரு டாக்டரு" என்றேன்.

"வாயை மூடுடி. மூக்கு தெரியல?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஏன் டீச்சரம்மா, கருடனுக்குக் கையில பெட்டி எதுக்கு? ஊசி போடுவாரா?"

வீட்டுக்குள் பெண் ஒருத்தி, வெளியே போகாமல், யாரும் உள்ளே வராமல். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறாள். நகை எல்லாம் போகிறது, பகட்டு எல்லாம் போகிறது. திண்டிவனத்துப் பெண்களுக்கு இது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மை கண்ட வீடு அப்படித்தான் இருக்கும். தாளிப்பு கிடையாது, தலை வாரக்கூடாது, வீட்டு ஆள் வெளியே போகக்கூடாது. ஆகவே அந்தச் சீமாட்டி மாரியாத்தா. அலகு வைத்தவர் கருடன். கடைசியில், எங்கிருந்தோ ஒட்ட வைத்த ரீலில், மீசைக்காரன் ஒருவன் வாளைச் சுழற்றிக்கொண்டு வந்தானே, அவன் முனீஸ்வரன். ஆத்தாவுக்குக் காவல்.

"முனீஸ்வரன் வந்துட்டான். இனிமே பயமில்ல" என்று அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். படம் அத்தோடு முடிந்தது. பெண்கள் எழுந்து திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். படத்தில் வாய் ஒன்று பேசியது, சத்தம் வேறொன்று பேசியது. அதுகூட அவர்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. சாமி பேசுவது வாயசைப்போடு ஒத்துவர வேண்டுமா என்ன?

மறுநாள் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கொட்டாய் வண்டிக்காரன் தெருவில் கத்திக்கொண்டு போனான்: "தாய்மார்களே! இத்தாலி நாட்டு ஆத்தா மகிமை!" வாசலில் வேப்பிலைத் தோரணம். கொட்டாய் முதலாளி வாழ்க்கையில் ஓர் ஆங்கிலப் படத்துக்கு அப்படிக் கூட்டம் பார்த்திருக்க மாட்டார். கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆத்தா இறங்கி, தண்ணீர் ஊற்றிய கையோடு நேர்த்திக்கடன் மாதிரி வந்த பெண்களும் உண்டு. மஞ்சளும் வேப்பிலையும் மணக்க, முகத்தில் பொருக்கு இன்னும் முழுசாக உதிராமல்.

நாங்கள் இரண்டாம் தடவையும் போனோம். அண்ணிதான் கேட்டாள். ஜன்னல் காட்சியை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். "அந்தக் கையை அவுக்கும்போது அவ மூஞ்சியைப் பாரேன். அழவே இல்ல. நம்ம ஊர்ப் படமா இருந்தா அதுக்கு ஒரு பாட்டு பாடியிருப்பாங்க." மணலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பிலை வாசனைக்காரி. இடம் நெருக்கடி. அண்ணி குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டாள்.

அண்ணிக்கு அங்கேதான் ஒட்டியதா, சந்தையில் ஒட்டியதா, தண்ணீர்த் துறையில் ஒட்டியதா என்று யாருக்குத் தெரியும்? சித்திரையில் ஊரே அப்படி இருந்தது.

ஜுரம் வந்தது. இடுப்பு வலி என்றாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முத்துப் போட்டது. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். மூட்டைகள் அடுக்கும் பின்னறையைக் காலி பண்ணி அண்ணியைப் படுக்க வைத்தாள். குழந்தையும் அவளோடுதான். பால் குடிக்கிற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது, பிரித்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்பது அம்மாவின் கட்சி. அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குளிக்கிற நேரம் தவிர அவள் அந்த அறையை விட்டு வரவே இல்லை. கேப்பைக் கூழைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். வேப்பங் கொழுந்தால் விசிறினாள். ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டாள். என்னை மட்டும் உள்ளே விடவில்லை. கல்யாணம் ஆகாத பெண், முகத்தில் வந்துவிட்டால் என்ன ஆவது?

எனக்கு முகம் பற்றிய பயம் இல்லை. எனக்குத்தான் குத்தியிருக்கிறதே. என் தலைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது: குழந்தைக்குக் குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் படித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. ஒட்டிய பிறகும் சீக்கிரமாகக் குத்திவிட்டால் தப்பிக்க வழி உண்டு. சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? அதைப் பாடத்தில் சொல்லவில்லை.

அம்மாவிடம் கெஞ்சினேன்.

"ஆத்தா வந்திருக்கிற வூட்டுல இரும்பைக் கொண்டாந்து குத்துவியா நீ? வேற வினையே வேணாம்" என்றாள்.

அம்மா குளிக்கப் போன ஒரு மத்தியானம் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பின்னறை ஜன்னல் அருகில் நின்றேன். மல்லாட்டைக் கடலை மூட்டைகளைக் களத்திலிருந்து நேரே உள்ளே தள்ளுவதற்காகக் கம்பி வைக்காமல் விட்ட ஜன்னல் அது. மரக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. எரிந்த வேப்பிலை நாற்றத்துக்கு அடியில் வேறொரு நாற்றம்.

"யாரு, கருடனா?" என்றது அண்ணியின் குரல். தொண்டைக்குள்ளேயும் முத்து. சொல் உடைந்து வந்தது.

"நான்தான் அண்ணி."

"டீச்சரம்மாவா. கிட்ட வராத. எம்மூஞ்சிய பாத்தா படிச்சதெல்லாம் மறந்துடும்."

நான் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் குத்துகிறார்கள், அம்மா விட மாட்டேன் என்கிறாள் என்று வேகமாகச் சொன்னேன்.

"அந்தப் படத்துல மாதிரி குடுத்துடட்டுமா?" என்றாள்.

நான் ஜன்னல் கட்டையில் கை வைத்தேன்.

"எங்கிட்ட கைதான் இல்ல. ரவிக்கையையே கழட்டிட்டாங்க." சிரிக்கப் பார்த்தாள். இருமலாக வந்தது. "எந்துணி வேணாம். உன் தாவணியைக் குடு. துவைச்சதா?"

"துவைச்சது."

தாவணியை அவிழ்த்து ஜன்னலுக்குள் போட்டேன். அவள் எழுந்து வந்தாளா, தவழ்ந்து வந்தாளா, எனக்குத் தெரியாது. தாவணிக்குள் சுருட்டிய குழந்தை ஜன்னல் கட்டையில் வந்து உட்கார்ந்தது. அதை இரண்டு பக்கமும் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத மாட்டேன். படம் எடுத்தவருக்குத் தெரிந்திருந்தது, எதைக் காட்டக்கூடாது என்று.

"ஜல்தி போ. அத்தை வந்துடப் போறாங்க" என்றாள். கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

கொடியில் கிடந்த அம்மாவின் துண்டை மேலே போட்டுக்கொண்டு நடந்தேன். ஆஸ்பத்திரியில் அம்மை குத்துகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல இருக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். மறைத்திருந்தால் நல்லது என்று அந்த நிமிஷத்தில்கூடத் தோன்றியது. பல் வைத்த சின்ன வட்டத் தகட்டைக் குழந்தையின் கையில் வைத்துத் திருகினார். குழந்தை நீலம் பாரிக்க அழுதது.

"வூட்டுக்குத் தூக்கிக்கினு போனா குத்துன எடத்தை சாணியைப் போட்டுத் துடைச்சிடுவாங்கம்மா. தினம் பாக்கிறேன். வேற எடம் இருக்குதா?"

விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினேன். லோகோ ஷெட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் அண்ணன் இருந்தான். கரி படிந்த முகத்தோடு கதவைத் திறந்தவன் குழந்தையையும் என்னையும் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டு டிரைவர் பெண்சாதி விஷயம் தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் காலையில் எங்கள் வாசலில் ஒரு சொம்புப் பால் இருந்தது. தினமும் இருந்தது. அவள் முகத்தை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை.

குழந்தையின் கையில் குத்தின இடம் பழுத்தது. ஜுரம் அடித்தது. உடம்பில் எங்கோ நாலைந்து முத்து. நான் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் வரவில்லை.

திண்டிவனத்திலிருந்து வந்த ரயில் கார்டு ஒருவர் செய்தி சொன்னார். அண்ணன் அடுத்த வண்டியில் போனான். திரும்பி வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அழக்கூடாதுன்னுட்டாங்க. ஆத்தா எடுத்துக்கினா அழக்கூடாதாம். மோளம் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா வாய்க்குள்ள துண்டை வச்சு அடைச்சிக்கினு இருந்தாங்க." எரிக்கவில்லை, புதைத்தார்கள். வேப்பிலைமேல் படுக்க வைத்து, வேப்பிலையாலேயே மூடி.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு குழந்தையோடு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். சட்டையை ஒதுக்கிக் கையைப் பார்த்தாள். காசு அகலத்துக்குத் தழும்பு.

"இதுக்குத்தான் போச்சு அவ உசுரு" என்றாள்.

"அம்மா, அண்ணிதான் குடுத்தாங்க. ஜன்னல் வழியா. அந்தப் படத்துல மாதிரி."

"அதுல குடுத்தது ஆத்தாடி. அவ குடுப்பா, அவ எடுப்பா. இவ யாரு குடுக்கறதுக்கு? எடுக்கறதுக்கு நீ யாரு?"

"அண்ணிதாம்மா கேட்டாங்க…"

"ஜுரத்துல கெடந்தவளுக்கு என்னா தெரியும்? நீ படிச்சவ. உனக்குத் தெரியல?"

அத்தோடு சரி. நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். இப்போது கண்டமங்கலத்தில் வேலை. விழுப்புரத்தில் அண்ணனோடு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். திண்டிவனம் போனால் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், தலைக்கு எண்ணெய் எடுத்து வைக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிள்ளையை அவள்தான் வளர்க்கிறாள். கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறாள். ஓடுகிறான், விழுகிறான், என்னை 'அத்தே' என்று மழலையில் மிரட்டுகிறான். கொளுத்துகிற சித்திரையிலும் அவனுக்கு முழுக்கைச் சொக்காதான். மணிக்கட்டு வரைக்கும் பித்தான் போட்டிருப்பாள். ஒருநாள் வேர்வையில் ஊறிப்போய் இருக்கிறானே என்று நான் கழட்டப் போனேன். அம்மா வந்து என் கையை விலக்கிவிட்டு மறுபடி பித்தான் போட்டாள். அந்தத் தழும்பு ஆத்தா கண்ணில் படக்கூடாது.

விழுப்புரத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை, படம் ஜன்னலைத் தாண்டிப் போனது. இந்த இடத்தில் மீசைக்காரன் வரவேண்டும். வரவில்லை. அப்போதுதான், இத்தனை வருஷமாக நான் பார்க்காத கடைசி ரீல் ஓடுகிறது என்று உறைத்தது.

பால்காரி குழந்தையோடு தெருமுனையில் திரும்புகிறாள். பிறகு அவளைக் காணோம். குழந்தை என்ன ஆயிற்று என்று படம் சொல்லவில்லை. சீமாட்டி ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் அகலமான கை, மறுபக்கம் வெறும் தோள். கீழே காவலர்கள் ஏணியோடு வருகிறார்கள். அவள் தடுக்கவில்லை, கத்தவில்லை. ஒரு பலகை, இன்னொரு பலகை, ஆணி. அறை இருட்டாகிறது. பலகை இடுக்குகளிலிருந்து விழும் வெயில் அவள்மேல் கோடு கோடாக நிற்கிறது. அவள் மெதுவாகத் தரையில் உட்காருகிறாள். வெறும் தோளை மற்றக் கையால் தேய்க்கிறாள். குளிர்கிறது போல. அந்தத் தோளில் கறுப்பாக ஒரு கட்டி. அப்போதுதான் நமக்குத் தெரிகிறது, கையை அவிழ்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருந்தது என்று. வெயில் கோடுகள் சுவரில் ஏறுகின்றன. அவள் அசையவில்லை. இசை இல்லை. 'முற்றும்' என்பதற்கான அவர்கள் மொழிச் சொல் வந்தது. அதுவும் உயிரெழுத்தில்தான் முடிந்தது.

அரங்கில் விளக்கு போட்டபோது பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். பின்வரிசைக்காரன் வெளியே போகிறபோது, "இத எவன்டா எடுத்தான், பேஜாரு புடிச்சவன்" என்றான். எடுத்தவன் யாரோ, பேஜாரு பிடித்தவன்தான். பட்டும் முத்தும் ஜரிகையும் கொட்டி, அந்தக் காலத்து உடுப்பெல்லாம் போட்டு, கடைசியில் ஒரு வெறும் தோளைக் காட்டுவதற்காக ஒரு படம் எடுத்திருக்கிறான். உலகத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. திண்டிவனத்துக் கொட்டாயில் கும்பிட்ட பெண்கள்தான் அதை மதித்தார்கள், தப்பாகவே என்றாலும்.

அந்தக் கடைசி ரீலில் இருப்பவள் சாமி இல்லை. தோளில் கட்டியோடு, தான் போகப் போவது தெரிந்து, பிள்ளையை மட்டும் வெளியே கொடுத்த ஒருத்தி. கொட்டாய் முதலாளி அன்று அதை ஓட்டியிருந்தால் அம்மா பார்த்திருப்பாள்.

மேனேஜர் அறைக்குப் போய், படப் பெட்டி அடுத்து எங்கே போகிறது என்று கேட்டேன்.

"பாண்டிச்சேரி. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஆட்டம். அப்புறம் பட்டணம் போயிடும். அதோட ஆயுசு தீந்துது. பிலிமை வளையல் பண்றவங்களுக்கு எடைக்குப் போட்டுடுவாங்க. ஏம்மா, உனக்கு என்ன அதுல?"

"கடைசி ரீல் இருக்கும் இல்லீங்களா? எடுத்துட மாட்டாங்களே?"

"எடுத்து எதை வைக்கிறது?" என்று அவர் சிரித்தார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் திண்டிவனம் போகிறேன். ஒட்டாத ஆளாகப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வருவதற்காக இல்லை. அம்மாவிடம் சொல்லப் போகிறேன், பாண்டிச்சேரியில் அந்த ஆத்தா படம் திரும்பவும் வந்திருக்கிறது, நாம் அன்று பார்க்காத கடைசி பாகத்தோடு, என்று. அது ஆத்தா படம் இல்லை என்பதை நான் சொல்லப் போவதில்லை. அம்மாவே பார்க்கட்டும். வர மாட்டேன் என்பாள். பிள்ளை கடற்கரை பார்க்கட்டும் என்பேன். அதற்கு வருவாள். ஜன்னல் காட்சியில் அவள் பக்கம் திரும்பக்கூடாது என்று இப்போதே எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளை என் மடியில் இருப்பான். அரங்கு புழுங்கும். அவனுக்குச் சொக்கா பித்தானைக் கழட்டுவேன். அம்மா என் கையை விலக்குகிறாளா என்று பார்க்க வேண்டும்.